தேதிகளுக்கு மட்டும் மை பூசவில்லை

புது ஆபீசில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் இருமக் கற்றுக்கொண்டாள். சளி ஒன்றும் இல்லை. டீ அறைக்குள் நுழைவதற்கு நாலடி முன்னால் ஓர் இருமல் இருமிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பேச்சை மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும். இருமாமல் போனால், அவளைப் பார்த்ததும் வாய்க்குக் கொண்டுபோன பிஸ்கட்டோடு அப்படியே நின்றுவிடுவார்கள். அந்தக் கோலத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருக்கும்.

காரணம் இதுதான். அவள் ஒரு பாராலீகல். வக்கீல் இல்லை, ஆனால் வக்கீல் கோர்ட்டில் எழுந்து நின்று நீட்டி முழக்குவதற்கு முன்னால் ஆக வேண்டிய வேலை முழுவதும் அவளுடையது. மூட்டை மூட்டையாக வரும் காகிதங்களைப் படித்து, எண் போட்டு, எது எதற்கு முன்னால் நடந்தது என்று அடுக்கிக் கொடுப்பாள். பத்தொன்பது வருஷம் ஒரே வக்கீல் நிறுவனத்தில் இருந்துவிட்டு இப்போதுதான் வேறொன்றுக்கு வந்திருந்தாள். பழைய இடத்தில் நாலு வருஷமாக அவள் பார்த்துவந்த ஒரு வழக்கில், இந்தப் புது நிறுவனம்தான் எதிர்த்தரப்பு. ஒரு கிடங்கு தீப்பிடித்து எரிந்த வழக்கு. கிடங்குக்காரருக்குப் பழைய ஆபீஸ். உள்ளே சரக்கை வைத்திருந்து அத்தனையும் சாம்பலாவதைப் பார்த்த வியாபாரிக்குப் புது ஆபீஸ்.

இப்படி ஆள் மாறுவது இந்தத் தொழிலில் இல்லாததல்ல. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது, சுவர் எழுப்புவார்கள். செங்கல் சுவர் இல்லை, கையெழுத்துச் சுவர். அந்த வழக்கைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். நாங்களும் அவளிடம் வாய் திறக்க மாட்டோம் என்று ஆபீசில் இருந்த நாற்பது பேரும் இன்னொரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இங்கே காதுக்குப் பயந்துதான் சுவரே எழும்பியது. அவளுடைய அடையாள அட்டைக்கு அந்த வழக்குக் காகிதங்கள் இருக்கும் அறைக் கதவு திறக்காது. கம்ப்யூட்டரில் வழக்குப் பட்டியலைத் திறந்தால் அவளுக்கு மட்டும் நாற்பதுக்கு அடுத்து நாற்பத்திரண்டு வரும்.

தாளில் எழுதியிருந்தது ஒரு வழக்கைப் பற்றி மட்டும்தான். ஆனால் மனிதர்கள் தாளில் எழுதியதோடு நிற்பவர்களா? எதற்கு வம்பு என்று மொத்தமாகவே வாயைக் கட்டிக்கொண்டார்கள். மழை வருமா என்று கேட்டால்கூட, அது வழக்கில் சேர்ந்ததா இல்லையா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்கள். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை அவர்களுக்கு. தாழ்வாரத்தின் கோடியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து அவளுக்குக் கொடுத்தார்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று ஆசைப்பட்டவள்தான். கிடைத்த பிறகு, பக்கத்து அறையில் யாராவது நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டால்கூட நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தாள்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொள்வாள். தாங்க முடியாத இடம் ஒன்று இருந்தது, அது தங்கை வீடு.

எட்டு வயது இளையவள். அம்மா போன பிறகு அக்காதான் எல்லாம். படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவளைத் தன் பழைய ஆபீசிலேயே சேர்த்துவிட்டதும் அவள்தான். தங்கைக்குக் கல்யாணமாகி, ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. குட்டி என்று கூப்பிடுவார்கள். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அக்கா அங்கே போய்விடுவாள். குட்டியின் புத்தகங்களுக்கு அட்டை போடுவாள், நகம் வெட்டுவாள், தங்கையின் கணவரோடு ஏதாவது ஒன்றுக்கு விவாதம் பண்ணித் தோற்றுப்போவாள். ஒண்டிக்கட்டைக்கு வாரத்தில் ஆறு நாள் எப்படியோ ஓடிவிடும். ஏழாவது நாள்தான் கடிக்கும். அந்த ஏழாவது நாளுக்கு அவளுக்கு ஒரு வீடு இருந்தது.

அவள் புது ஆபீசில் சேர்ந்த வாரமே தங்கையைப் பழைய ஆபீசில் கூப்பிட்டு எச்சரித்தார்கள். உன் அக்கா இப்போது எதிர்த்தரப்பு, வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது என்றார்கள். தங்கை பயந்த சுபாவம். ஒரு வார்த்தை போகக் கூடாது என்றால் ஒரு வார்த்தையும் பேசாமலிருப்பதே நல்லது என்று முடிவு பண்ணிவிட்டாள். ஒரு சனிக்கிழமை காலை போன் பண்ணி, வழக்கு முடிகிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொன்னாள். வழக்கு நாலு வருஷமாக நடக்கிறது. இன்னும் எத்தனை வருஷம் என்று வக்கீல்களுக்கே தெரியாது.

அப்படியானால் அவள் ஏன் இடம் மாறினாள் என்று கேட்கலாம். அவளே அதைத் தன்னிடம் பலமுறை கேட்டுக்கொண்டாள். வக்கீலாகச் சேர்ந்தவனுக்கு ஓர் ஏணி உண்டு. ஜூனியர், சீனியர், பங்குதாரர் என்று ஏறிக்கொண்டே போவான். பாராலீகலுக்கு ஏணி கிடையாது, நாற்காலிதான் உண்டு. சக்கரம் தேய்ந்தால் நாற்காலியை மாற்றுவார்கள். பழைய ஆபீசில் அவளுக்குத் தேதியக்கா என்று பெயர். எந்த வழக்கானாலும் நடந்ததை எல்லாம் தேதிவாரியாக அட்டவணை போடுவதில் அவளுக்கு இணை கிடையாது. அங்கே தலைமை வகித்தவரை எல்லாரும் பெரிய வக்கீல் என்பார்கள். அவர் அவளை 'இந்தாம்மா' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. ஒரு பெரிய வழக்கை ஜெயித்த அன்று எல்லாரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவளும் அங்கே இருந்தாள். கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம்தான் வேறொரு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் 'சீனியர் பாராலீகல் தேவை' என்பதைப் பார்த்தாள். சீனியர் என்ற அந்த ஒரு சொல்லுக்கு மயங்கிவிட்டாள் என்றால் அதில் தப்பு ஒன்றும் இல்லை.

விண்ணப்பத்தோடு, செய்த வேலைக்கு ஒரு மாதிரி கேட்டிருந்தார்கள். அவள் கிடங்கு வழக்கின் அட்டவணையில் இரண்டு பக்கத்தை எடுத்தாள். அவள் செய்ததிலேயே சிறந்த வேலை அதுதான். எதிர்த்தரப்புக்குப் போகிற தாள் என்பதால் பெயர், இடம், நடந்த விஷயம் எல்லாவற்றின் மேலும் கறுப்பு மை பூசினாள். அதை நகல் எடுத்து, நகலின் மேல் மறுபடியும் மை பூசினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஓர் எழுத்துத் தெரியவில்லை. தேதிகளுக்கும் நேரங்களுக்கும் மட்டும் மை பூசவில்லை. தேதியையும் அழித்துவிட்டால் அது அட்டவணையா, கோடு போட்ட தாள்தானே? தவிர, அந்தத் தேதிகளைக் கண்டுபிடித்து வரிசைப்படுத்த அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

நேர்முகத்தில் அந்த இரண்டு பக்கத்தையும் புது ஆபீசின் தலைமை வக்கீல் வெகுநேரம் பார்த்தார். எல்லாரும் மேடம் என்று கூப்பிடும் அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். யாரையும் சுலபமாகப் பாராட்டிவிடாதவர். "இது முழுக்க நீங்களே செஞ்சதா? இப்படி ஒரு வேலைய நான் பாத்ததில்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவள் ஒரு மாதம் மனசுக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அத்தனை வருஷத்தில் அவள் வேலையைப் பார்த்து ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

சேர்ந்து ஆறாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மேடம் அவளைக் கூப்பிட்டார். போனபோது மேசையில் ஒரு மனு இருந்தது. அதில் பாதிப் பக்கங்களை, அவள் பார்க்கக் கூடாதென்று, வெள்ளைத் தாள் வைத்து மறைத்திருந்தார்.

"உக்காருங்க. பழைய ஆபீஸ்லேர்ந்து மனு போட்டிருக்காங்க. நம்மள இந்தக் கேஸ்லேர்ந்தே விலக்கணுமாம். அவங்க ரகசியம் நம்மகிட்ட வந்திருச்சாம்."

"என்கிட்டேர்ந்தா மேடம்?"

"அப்படித்தான் சொல்றாங்க. நீங்க இங்க யாருகிட்டயும் எதுவும் சொல்லலல்ல?"

"சத்தியமா இல்ல. டீ நல்லா இருக்குன்னுகூட யாருகிட்டயும் சொன்னதில்ல."

மேடம் சிரிக்கவில்லை. "தெரியும். அதையே பிரமாணப் பத்திரமா அடிச்சு வச்சிருக்கேன். நீங்க யாருக்கும் எதையும் வெளிப்படுத்தலன்னு. கையெழுத்துப் போட்டுருங்க."

அவள் பேனாவை எடுக்கவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடும் பாராலீகல் இன்னும் பிறக்கவில்லை. முதலில் மனுவில் மறைக்காத பக்கங்களைப் படித்தாள். கிடங்குக்காரரைக் கூண்டில் ஏற்றி மேடம் குறுக்கு விசாரணை செய்தபோது திடீரென்று ஒரு கேள்வி கேட்டாராம்: மார்ச் பதினாலாம் தேதி காலை எங்கே இருந்தீர்கள்? கிடங்குக்காரர் வெலவெலத்துப்போய்த் தன் வக்கீலைப் பார்த்தாராம். பார்த்த பார்வையிலேயே நீதிபதிக்கு ஏதோ புரிந்துவிட்டது. தீப்பிடித்தது மார்ச் இருபத்துமூன்று. அதற்கு ஒன்பது நாள் முன்னால் அவர் தன் வக்கீல் ஆபீசுக்கு வந்து ஆலோசனை கேட்டிருந்தார். கட்சிக்காரர் வக்கீலிடம் வந்ததும் பேசியதும் ரகசியம். அது வெளியே தெரிந்தது என்றால் உள்ளிருந்துதான் போயிருக்க வேண்டும். கடைசிப் பத்தியில், காகிதம் எதையும் கொண்டுபோகாத அக்காவுக்கு அந்தப் பழைய தேதியை எடுத்துக் கொடுத்திருக்கக்கூடிய ஒரே ஆள் உள்ளே இருக்கும் தங்கைதான் என்றும், விசாரணை முடியும்வரை அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தது.

அந்தப் பத்தியை அவள் மூன்று தடவை படித்தாள். ஆறு மாதமாகப் போனைக்கூட எடுக்காமல் இருந்தவளைப் பிடித்து, அக்காவோடு பேசினாய் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள்! பேசியிருந்தாலாவது மனசு ஆறும்.

"திங்கக்கிழமை போடறேன் மேடம். ஒரு தடவை நிதானமாப் படிச்சிர்றேன்."

"தாராளமா" என்றார் மேடம்.

மார்ச் பதினாலு என்ற தேதி அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது. தேதிகள் அவளுக்கு மனிதர்கள் மாதிரி; எங்கே பார்த்தோம் என்று யோசித்தால் வந்துவிடும். சனிக்கிழமை காலை துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது வந்தது. கையில் இருந்த துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு உள்ளே ஓடி, அலமாரியிலிருந்து விண்ணப்பத்தின் நகலை எடுத்தாள்.

இரண்டாம் பக்கம், முப்பத்தொன்றாவது வரிசை. மார்ச் 14, காலை 10.30. அதற்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கோடு. கீழே மார்ச் 23. அந்த ஒரு நாளுக்கு மட்டும் பதினோரு வரிசைகள்: அதிகாலை 2.10, 2.25, 2.40 என்று. தீயணைப்பு வண்டிகள் வந்த நேரம். அந்த நேரங்கள் இரண்டு தரப்புக்கும் மனப்பாடம். கறுப்புக் கோட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மேடம் பார்க்கவே வேண்டியதில்லை. இது எந்த வழக்கு என்று மார்ச் 23 சொல்லிவிட்டது. தன் அட்டவணையில் இல்லாத ஒரு தேதி எதிராளி அட்டவணையில் இருக்கிறது என்று மார்ச் 14 சொல்லிவிட்டது. ஒரு வக்கீலுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

யாரும் திருடவில்லை, யாரும் கேட்கவில்லை. அவளே வெள்ளை உறையில் போட்டு, மேலே தன் பெயரையும் எழுதி, கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். நுணலும் தன் வாயால் கெடும்; இவள் மூடின வாயாலேயே கெட்டாள். தரையில் உட்கார்ந்து அழுதாள். தப்புப் பண்ணியதற்கு அழுதாளா, ஒரு மாதம் நெஞ்சில் வைத்துக் கொஞ்சிய பாராட்டு வேறு எதற்கோ சொன்னது என்று தெரிந்ததற்கு அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தங்கைக்கு போன் பண்ண வேண்டும்போல் இருந்தது. பண்ணினால், இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சியாகிவிடும். போனைக் கவிழ்த்து வைத்தாள். காயப்போடாத துணி சாயங்காலம்வரை வாளியிலேயே கிடந்தது.

யோசித்துப் பார்த்தால் விஷயம் சின்னதுதான். கையெழுத்துப் போட்டுவிட்டால் அவளுக்கு வேலை இருக்கும், பேர் இருக்கும். மைக்கு அடியில் இருப்பதை யாருக்கும் சொல்லவில்லை என்பது எழுத்துக்கு எழுத்து உண்மைகூட. ஆனால் பழி தங்கை தலையில் தங்கிவிடும். ஊரில் இருப்பது ஏழெட்டு வக்கீல் நிறுவனங்கள். வாய் நீளம் என்று ஒன்றில் பேர் வாங்கினால் மற்ற எதிலும் வாசற்படி மிதிக்க முடியாது. நடந்ததைச் சொன்னால் தங்கை தப்பிப்பாள், இவளுடைய பத்தொன்பது வருஷம் போய்விடும். இரண்டு பேரும் ஒரே கயிற்றில் தொங்குகிறார்கள், ஒருத்தி விட்டால்தான் மற்றவள் தங்குவாள் என்று அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெளிவாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை நகலை எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனாள். முப்பத்தொன்றாவது வரிசையில் விரலை வைத்தாள்.

"இதுலேர்ந்துதானே மேடம் கேட்டீங்க?"

மேடம் தாளைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். "கறுப்பு மை பூசின தாள் அது. அதுல என்ன ரகசியம் இருக்கு?"

"தேதி இருக்கு."

"தேதி காலண்டர்லயும் இருக்கு. பாருங்க, நான் உங்ககிட்ட எதையும் கேக்கல. நீங்களாக் கொண்டு வந்தீங்க. கண்ணுல பட்டத படலன்னு எப்படி நெனைக்கிறது? என் கட்சிக்காரர் எல்லாத்தையும் இழந்துட்டு நிக்கிறார்."

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் வக்கீல்களோடு பேசுவதில் உள்ள கஷ்டம்.

"தங்கச்சிய நிறுத்தி வச்சிருக்காங்க மேடம்."

"அது அவங்க ஆபீஸ் விவகாரம். நீங்க கையெழுத்துப் போட்டா இந்த மனு நிக்காது. அடுத்த வருஷம் உங்களுக்குக் கீழ மூணு பேரைப் போடலாம்னு இருக்கேன்."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்ததை அவள் கேட்டுவிட்டாள்.

"என்னை வேலைக்கு எடுத்தது இந்தத் தாளுக்காகவா, என் வேலைக்காகவா?"

"இந்தத் தாள் உங்க வேலைதானே?" என்றார் மேடம். அவர் அதை நல்லவிதமாகத்தான் சொன்னார். அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மத்தியானம் தன் அறையில் உட்கார்ந்து, வேறொரு பிரமாணப் பத்திரத்தைத் தானே தயார் பண்ணினாள். பிறர் சார்பில் நூற்றுக்கணக்கில் அடித்திருக்கிறாள். 'நான்' என்று தனக்காக ஆரம்பிப்பது இதுதான் முதல் தடவை. ஏழு பத்திகள். நான் இந்தத் தாளைக் கொடுத்தேன், தேதிகளை மறைக்கவில்லை, என் தங்கைக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அட்டவணையின் நகலை இணைப்பாக வைத்து எண் போட்டாள். கோர்ட்டுக்கு எதிரில் சத்தியம் வாங்கிக் கையெழுத்திடும் அதிகாரியிடம் போனாள். அவர் ஒரு பக்கமும் படிக்காமல், "இதெல்லாம் உண்மைதானே?" என்று கேட்டு முத்திரை குத்தினார். ஒரு பிரதி கோர்ட்டில் கொடுத்தாள். ஒரு பிரதி மேடம் மேசையில் வைத்தாள். மூன்றாவதைப் பழைய ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அவளைப் பத்து வருஷமாகத் தெரியும். "வாங்கக்கா! உக்காருங்க..." என்று எழுந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். "இல்ல, நீங்க உக்காரக் கூடாதுல்லக்கா?"

"உக்காரலாம்மா. பேசத்தான் கூடாது" என்றாள். உறையைக் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நின்றபடியே திரும்பிவிட்டாள்.

அன்றே மேடம் ஆபீசில் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை. யாரும் பேசவே இல்லை என்பதால் கோபமா இல்லையா என்று தெரியவும் வழியில்லை. ஒரு வாரத்தில் தங்கையைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டாள். அன்று சாயங்காலம் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, காரணமில்லாமல் இரண்டு தெரு நடந்துவிட்டு வந்தாள். இனிமேல் போன் வரும் என்று இருந்தாள். அவள் இப்போது எந்தத் தரப்பிலும் இல்லை, சுவர் யாருக்கு?

போன் வரவில்லை. கடிதம்தான் வந்தது, கோர்ட்டிலிருந்து. மனு விசாரணைக்கு அவளைச் சாட்சியாக வரச் சொல்லியிருந்தது. அதைப் பிரித்த நிமிஷமே அவளுக்கு மிச்சமும் புரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக அவளே சாட்சிகளுக்கும் ஆபீஸ் ஆட்களுக்கும் சொல்லிவந்த விதி அது: ஒரு தரப்பின் ஆபீசில் வேலை பார்க்கும் யாரும், வழக்கு முடிகிறவரை, சாட்சியோடு தனியாகப் பேசக் கூடாது. முன்னே தங்கை பயந்துபோய்ப் பேசாமல் இருந்தாள். இனி பயம் விட்டாலும் பேச முடியாது. தங்கையைக் காப்பாற்றக் கொடுத்த ஏழு பத்திகளும் சேர்ந்துதான் இந்தச் சுவரை எழுப்பியிருந்தன. இது கையெழுத்துச் சுவர்கூட இல்லை, சட்டமே எழுப்பியது.

விசாரணை அன்று கோர்ட் அறை பாதி காலியாக இருந்தது. முன் மேசையில் ஒரு பக்கம் மேடம். இன்னொரு பக்கம் பெரிய வக்கீல், ஒரு ஜூனியர், நடையை ஒட்டிய நாற்காலியில் நோட்டுப் புத்தகத்தோடு தங்கை. சாட்சி சொல்வதை எழுதிக்கொள்ள யாரை வேண்டுமானாலும் கூட்டிவந்திருக்கலாம். பழி நீங்கியவளை நீதிபதி கண்ணெதிரில் உட்கார வைக்க வேண்டும் என்பது பெரிய வக்கீலின் கணக்கு. ஏழு மாதத்தில் தங்கை இளைத்திருந்தாள். தலையை வேறு மாதிரி வாரியிருந்தாள். அக்கா பார்த்தாள், தங்கை நோட்டைப் பார்த்தாள்.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள். தொழில் என்ன என்று கேட்டார்கள். "பாராலீகல்" என்றவள், "இப்ப வேலை இல்லை" என்று சேர்த்துக்கொண்டாள். மேடம் தரப்பில் அரைமணி நேரம் கேள்வி கேட்டார்கள். தாள், மை, தேதி, எல்லாவற்றுக்கும் உள்ளது உள்ளபடி சொன்னாள். பிறகு பெரிய வக்கீல் எழுந்தார்.

"உங்ககிட்ட ரொம்ப நேரம் எடுத்துக்க மாட்டேன்" என்றார். அவர் வாயில் 'உங்க' என்று வருவதைக் கேட்க வேடிக்கையாக இருந்தது. "அதோ உக்காந்திருக்காங்களே, அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி. கூடப் பொறந்தவ. எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான்."

"கடைசியா அவங்களோட எப்பப் பேசினீங்க?"

"ஏழு மாசம் ஆகுதுங்க. ஒரு சனிக்கிழமை காலையில, போன்ல."

"என்ன பேசினீங்க?"

"கேஸ் முடியற வரைக்கும் ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர வேண்டாம்னு சொன்னா. சரின்னு சொன்னேன்."

"இந்த வழக்கைப் பத்தி?"

"ஒரு வார்த்தை இல்லைங்க."

இதற்குத்தான் அவர் எழுந்தது. வேண்டிய பதில் கிடைத்ததும் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது வக்கீல் தொழிலின் அரிச்சுவடி. யானைக்கும் அடி சறுக்கும் என்பதுபோல் அவர் இன்னொன்றையும் கேட்டுவைத்தார்.

"அன்னைக்கு வேற எதுவும் பேசலியே?"

"பேசினா. போனை வைக்கறதுக்கு முன்னாடி, சாப்பிட்டியாக்கான்னு கேட்டா. சாப்பிட்டேன்னு சொன்னேன்." அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியம் பண்ணிட்டு நிக்கறேன், அதனால சொல்லிடறேங்க. அது பொய். அன்னைக்குச் சாப்பிடல. அதுக்கப்புறம் வந்த எந்த ஞாயித்துக்கிழமையும் எனக்குச் சோறு இறங்கல. அவமேல எனக்குக் கோவம் இல்ல. அவ பயப்படறவன்னு எனக்குத் தெரியும். குட்டிக்கு முன்பல்லு முளைச்சிருக்குமான்னு தினமும் நெனைச்சுக்குவேன். யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி. அதட்டிச் சொல்லவில்லை.

"வேற என்ன பேசினீங்கன்னு கேட்டாங்க ஐயா. பேச இருந்ததையும் சேத்துச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

தங்கையின் பேனா நின்றிருந்தது. ஜூனியர் அவள் பக்கம் சாய்ந்து, "எழுதுங்க, எழுதிக்கோங்க" என்றான். சாட்சி சொன்னது எதுவானாலும் எழுத வேண்டும். தங்கை குனிந்து எழுத ஆரம்பித்தாள். பெரிய வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். நீதிபதி அடுத்த தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத வேண்டியது முடிந்த பிறகும் தங்கை எழுதிக்கொண்டிருந்தாள்.

சாட்சி போகலாம் என்றார்கள். வெளியே போக அந்த மேசையை ஒட்டித்தான் நடக்க வேண்டும். அவள் பக்கத்தில் வந்தபோது தங்கை நிமிரவில்லை. நோட்டை மட்டும் நடைப்பக்கமாகத் திருப்பி, மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள். சாட்சி சொன்னதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே மூன்று நாலு வரி கொட்டை எழுத்தில் இருந்தது. அக்காவுக்குத் தங்கையின் கையெழுத்து எத்தனை தூரத்திலிருந்தும் தெரியும். அது அவளுக்கு எழுதியது என்பதும் தெரியும். படித்தால் அது பேசியதாகிவிடும். அப்புறம் என்றைக்காவது அக்காவோடு பேசினாயா என்று கேட்டால் இல்லை என்று தங்கையால் சொல்ல முடியாது. அவள் கண்ணை வாசல்மேல் வைத்துக்கொண்டு, நிற்காமல் நடந்தாள்.